பால்கனிக்கு நூற்று நாற்பது பேர்

"எழுபத்திரண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே பர்சினா சீட்டைக் கிழிப்பாள். பால்கனிப் படிக்கட்டின் அடியில் அவள் மேசைமேல் இரண்டு பிஸ்கட் டின்கள் இருக்கும். வலதுபக்க டின்னிலிருந்து ஒரு சப்போட்டாக் கொட்டையை எடுத்து இடதுபக்க டின்னில் போடுவாள். கொட்டை தகரத்தில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். இடைவேளையில் யாராவது கீழே இறங்கினால் ஒரு கொட்டை வலது டின்னுக்குத் திரும்பும். மறுபடி ஏறினால் மறுபடி இடது. வலது டின் காலியானதும் அதன் மூடியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துவாள். அதன்பிறகு பால்கனிக்கு யாரும் ஏற முடியாது. கொட்டைகள் மொத்தம் நூற்று நாற்பது. பல்லாங்குழி ஆடுவதற்கென்று எங்கள் ஊர்ச் சந்தையில் விற்பவை; கறுப்பாக, வழவழப்பாக இருக்கும்.

கைக்குழந்தைக்குக் கொட்டை கிடையாது. "நடக்குதா?" என்று தாயிடம் கேட்பாள். "பிடிச்சுக்கிட்டு நடக்கும்." "அப்ப ரெண்டு பேரு." பாத்திரக்கடை சுகெங் நல்ல பருமன். ஒருமுறை வயிற்றைத் தட்டிக் காட்டி, "எனக்கு எத்தனைக்கா, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பர்சினா அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு இரண்டு கொட்டை போட்டாள். சுகெங் இதைப் பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் பத்து வருடமாகக் கேட்கிறாள்.

பூர்ணமா அரங்கம் சர்க்கரை ஆலைத் தெருவில் இருக்கிறது. அதற்கு எதிரில் என் துணிக்கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் சர்க்கரைத் தரகர் லியெம் கட்டிய அரங்கம் அது. அந்தக் காலத்தில் பால்கனியில் ஆலையின் டச்சுக்காரர்களும் அவர்கள் மனைவிமார்களும் மட்டும் உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்து நாற்காலிகளைக் கழற்றி எறிந்துவிட்டு நெல்மூட்டை அடுக்கினார்கள். சுதந்திரப் போரின்போது ஒருவர் மேடையேறிப் பேசினார். அவர் யார் என்பதில் ஊரில் மூன்று குடும்பங்களுக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அறுபத்தைந்தில் ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. திறந்தபிறகு சனிக்கிழமைதோறும் கெதோப்ராக் நாடகம்: ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு சதிகார மந்திரி, இரண்டு கோமாளிகள், ஓரத்தில் வெண்கல வாத்தியங்கள். நகராட்சி அச்சடித்திருக்கும் இரண்டு பக்க வரலாற்றில், பூட்டிக் கிடந்த வருடத்தைத் தவிர, இவ்வளவும் இருக்கின்றன. எழுபத்தொன்றும் அதில் இல்லை.

எழுபத்தொன்றில் பர்சினாவுக்கு ஏழு வயது. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், பகல் ஆட்டம். பால்கனியில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவள் அத்தை மடியில் இருந்தாள். கோமாளி மந்திரியின் தலைப்பாகையைத் திருடித் தன் கோழிக்குக் கூடாக வைத்துவிட்டான். மந்திரி தேட, கோழி கத்த, பால்கனி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அப்போது மூங்கில் பிளப்பதுபோல ஒரு சத்தம். பால்கனி நாலு விரல் கீழே இறங்கியது. இறங்கி நின்றுவிட்டது.

யாரும் கத்தவில்லை. முந்நூறு பேரும் எழுந்தார்கள். ஒருவர்பின் ஒருவராக, முன்னால் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்தபடி படியிறங்கினார்கள். ஓடியிருந்தால் விழுந்திருக்கும் என்று பிறகு வந்து பார்த்த தச்சர் சொன்னாராம்.

"மரியாதைதான் அன்னைக்கு எங்களக் காப்பாத்துச்சு" என்பாள் பர்சினா. கொஞ்சநேரம் கழித்து, "ஆனா அவ்வளவு பேர் ஏறுனதும் மரியாதையாலதான். எடமில்ல, போன்னு யாரும் யாரையும் சொல்லல" என்பாள்.

லியெமின் மகன் அப்போது முதலாளி. கட்டடம் நிலைத்து நிற்க இங்கே செய்யும் சடங்குப்படி, ஓர் எருமைத்தலையை வாங்கி பால்கனிக்கு நேர் கீழே புதைத்தார். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்துத் தெருவுக்கே சாப்பாடு போட்டார். ஓதுவதற்கு ஆள் வந்தார். தச்சர் இரண்டு தேக்குத் தூண்களை முட்டுக்கொடுத்துவிட்டு, "நூத்தி நாப்பதுக்கு மேல ஏத்தாதீங்க" என்றார். தூண்களுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். அவ்வளவுதான். விழாத பால்கனியைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்?

இருபத்திரண்டு வயதில் பர்சினா இந்த வேலைக்குத் தானாக வந்து நின்றாள். அதற்குமுன் படிக்கட்டில் நின்றவர் ஒரு பெருநாளில் நூற்றைம்பது பேரை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு, பார்த்துக்கொண்டிருந்த பீடி ஆலை வேலையை விட்டுவிட்டாள். இன்று ஐம்பத்தைந்து வயது. இவ்வளவு வருடத்தில் ஒரு நாடகத்தையும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. ராஜா செத்தால் கவலைப்பட மாட்டாள். கோமாளிகள் வந்ததும் எழுந்துபோய்ப் படிக்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த வாரக் கோமாளி சுமாரான ஆள் என்றால் அவள் முகம் தெளிவாக இருக்கும்.

ஆட்டத்துக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு பால்கனியின் பலகைகள்மேல் வெறுங்காலோடு நடப்பாள். கண்ணாடிக் கிளாஸில் விளிம்புவரை தேநீர் ஊற்றி, நடுவரிசையில் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அந்தத் தேநீரைக் குடித்துவிடுவாள். கல்யாண வீடுகளில் மணமேடைமீது ஏறிப் படமெடுத்துக்கொள்கிறவர்களை எண்ணுவாள். பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்கு எண்ணிக்கை சொல்லுவாள். அவள் கணவர் சமிஜோ சைக்கிள் ரிக்‌ஷா பழுதுபார்ப்பவர். "எங்க கட்டிலுக்கும் கணக்கு இருக்குங்க, பூனை ஏறுனா என்னை எறங்கச் சொல்லிருவா" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள், "அந்தக் கட்டில் கால் ஒண்ணு ஆடுது, நீங்க சரி பண்ணுனீங்களா?" என்பாள்.

போன வருடம் நகராட்சி பூர்ணமாவைப் பழம்பெருமைக் கட்டடமாக அறிவித்தது. முப்பத்தொன்றில் எப்படி இருந்ததோ அப்படியே மாற்றுவது என்று முடிவாயிற்று. சுராபாயாவிலிருந்து தண்டுங் என்ற இளம் கட்டடக்கலைஞர் வந்தார். மரியாதையான பையன். கையில் எப்போதும் திறப்புவிழாவன்று எடுத்த பழைய படத்தின் நகல் இருந்தது. தட்டிகளைப் பிரித்தார்கள். சுவரில் ஏழு அடுக்கு வண்ணத்தைச் சுரண்டி முதல் அடுக்கைக் கண்டுபிடித்தார்கள். ஒருநாள் காலை நான் கடை திறக்கும்போது நாலு பேர் ஒரு பச்சைத் தூணைத் தெருவுக்குத் தூக்கிவந்தார்கள். பின்னாலேயே பர்சினா வந்தாள். இளைஞர்களை இங்கே 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.

"மாஸ், இத எங்க கொண்டுபோறீங்க?"

"இது அசல் இல்லம்மா" என்றார் தண்டுங். "பின்னாடி யாரோ சொருகினது. பாருங்க, படத்துல இல்ல."

படத்தில் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் தலைக்குமேல் பால்கனி எதையும் தொடாமல் வளைந்து நிற்கிறது.

"இது தாங்கறதுக்கு வச்சது மாஸ்."

"விட்டத்தத் தட்டிப் பாத்தாச்சும்மா. தேக்கு. கல்லு மாதிரி இருக்கு. இப்ப உள்ள வந்து பாருங்க, எப்படித் திறந்து கெடக்கு. அழகா இல்ல?"

"அழகாத்தான் இருக்கு" என்றாள் பர்சினா. அப்படிச் சொன்னதற்காக மூன்று நாள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தேநீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டு மேலே போனாள். திரும்பிவந்து என் கடைப் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு விரலின் நுனியைக் கட்டைவிரலால் அளந்து காட்டினாள். தேநீர் ஒரு பக்கமாக ஒரு நெல்மணி உயரம் ஏறி நின்றதாம்.

மறுதிறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்று அறிவித்தார்கள். பால்கனியில் இருநூற்று அறுபது நாற்காலிகள். விழாக் குழுவின் தலைவர் பாக் விர்யாவான், நகராட்சியில் கலைப் பிரிவுக்குப் பெரியவர்; 'பாக்' என்றால் ஐயா. பர்சினா வேகவைத்த வேர்க்கடலையை இலையில் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனாள். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவருடைய மகளுக்கு நடந்த கல்யாணம். அவர் தேநீர் வரவழைத்தார். கிளம்பும்போது பர்சினா சொன்னாள்:

"கூட்டம் ஜாஸ்தியானா மேல கொஞ்சம் புழுக்கமா இருக்கும் பாக்."

"நல்லவேளை சொன்னீங்க பர்சினாம்மா. ஆகட்டும், கவனிச்சுக்கறேன்."

நேரே என் கடைக்கு வந்தாள். "புரிஞ்சிருக்கும்ல?" என்றாள். புரிந்திருக்கும் என்றேன். எனக்குப் புரிந்திருந்தது. பெரியவர்களிடம் முடியாது, கூடாது என்று இங்கே யாரும் நேரே சொல்வதில்லை. புழுக்கம் என்றால் ஆளைக் குறை என்று அர்த்தம். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் கடை வைத்திருக்கும் எனக்கே தெரிகிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு லாரி வந்து நின்றது. எட்டு மின்விசிறிகள், ஆளுயரம், அடியில் வார்ப்பிரும்புத் தட்டு. ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு பேர் தூக்கி பால்கனிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது நல்ல காற்று வரும் என்பதால் மேலே இன்னும் இருபது நாற்காலி போடலாம் என்று குழு தீர்மானித்தது.

பர்சினா தெருவில் நின்று எட்டையும் எண்ணினாள். "நான்தான் ஏத்திவிட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் என்னைக் கூடவரச் சொன்னாள். "நீங்க எதுவும் பேசவேணாம். சும்மா நில்லுங்க, அது போதும்." இந்தமுறை வேர்க்கடலை கொண்டுவரவில்லை. ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பாக், பால்கனி தாங்காது."

அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். விர்யாவான் புன்னகை செய்தார். இங்கே சங்கடம் வந்தால் முதலில் வருவது அதுதான்.

"யார் சொன்னா?"

"எழுபத்தொண்ணுல எறங்குச்சு. நான் அதுல உக்காந்திருந்தேன்."

"விழுந்துச்சா?"

"விழல. நாலு விரல் எறங்குச்சு."

"விழல. அப்புறம் நாப்பத்தெட்டு வருஷம் நின்னிருக்கு."

"தூணு இருந்துச்சு பாக். நூத்தி நாப்பதுக்கு மேல நாங்க ஏத்தல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எருமைத்தலை புதைச்சதா எங்கப்பா சொல்லுவாரே?"

"புதைச்சாங்க."

"அதான பாத்தேன். செய்யவேண்டியத அப்பவே செஞ்சுட்டாங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய வீட்டு வாசலிலும் ஒன்று புதைத்திருக்கிறது. எங்கள் ஆற்றுப் பாலத்தின் அடியிலும் இருக்கிறது. "சரி, இது எதுலயாச்சும் எழுதியிருக்கா? ஒரு காகிதம், ஒரு படம்? இருந்தா நானே மேல அனுப்பறேன்."

பர்சினா துணிப்பையிலிருந்து இரண்டு டின்களையும் எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். அவர் ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"என்னது, பல்லாங்குழியா?"

தட்டச்சுக்காரர்களில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். பர்சினா டின்னை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

"அழைப்பு அச்சாகி எல்லார் வீட்டுக்கும் போயிடுச்சும்மா" என்றார் விர்யாவான், தாழ்ந்த குரலில். "மேல முதல் வரிசை மேயர் வீட்டம்மாவுக்கு. இனி யாரப் பாத்து, நீங்க கீழ உக்காருங்கன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க. உங்களால முடியுமா?"

வெளியே வந்தபிறகு, "முடியாதுதான்" என்றாள் என்னிடம். தெருமுனைவரை வேகமாக நடந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு நல்லா சிரிக்குது. ஞாயித்துக்கிழமை அதுவும் மேலதான் உக்காரும்" என்றாள்.

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமிஜோ சொன்னார். கேலி எதுவும் செய்யவில்லை அவர். இரண்டு நாள் தன் கடையைப் பூட்டிவிட்டு, தூக்கிப்போன தேக்குத் தூண்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிக்கொண்டு போனார். ஒன்று சுராபாயாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேசையாகப் போய்விட்டது. இன்னொன்று கிடைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பர்சினாவுக்குக் குழுவின் செலவில் புது மேற்சட்டையும் மஞ்சள் நிறத் தோள்சால்வையும் கொடுத்திருந்தார்கள். கிழிப்பதற்குச் சீட்டு இல்லை. எல்லோரிடமும் அழைப்பிதழ் இருந்தது. வணக்கம் சொல்லி ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுப்பதுதான் அவள் வேலை. பிஸ்கட் டின்கள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். அவள் இரண்டு பலகாரப் பெட்டிகளைக் காலிசெய்து, ஒன்றில் கொட்டைகளைக் கொட்டி, மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கொட்டைகள் அட்டையில் விழும்போது சத்தம் கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

என் அழைப்பும் பால்கனிக்குத்தான். "நூத்திப் பதினேழு" என்றாள். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "நடுவுல உக்காராதீங்க. சுவரோரமா" என்றாள்.

சுவரோரமாக உட்கார்ந்தேன். இரண்டு வரிசை தள்ளி அந்தத் தட்டச்சுப் பெண் தன் தங்கையோடு இருந்தாள். எட்டு விசிறிகளும் சுற்றின. எனக்கு வியர்த்தது. பெரியவர்கள் வருவதற்குத் தாமதமானதால் கோமாளிகள் இருவரையும் முன்னதாகவே மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல கோமாளிகள். ஒருவன் நகராட்சி அதிகாரிபோல நடந்து காட்டினான். மற்றவன் அவனுக்குப் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே ஓடினான். பால்கனி சிரித்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை. என் காலடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் பலகை லேசாக முனகியது. இதற்குமுன்பும் முனகியிருக்கலாம், நான் கேட்டதில்லை. என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. புதிதாக யாரும் ஏறி வரவில்லை என்பது கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது.

எழுந்து படிக்கட்டின் திருப்பத்துக்குப் போய்க் கீழே எட்டிப்பார்த்தேன்.

வாசலில் கார்கள் வந்து நின்றிருந்தன. அழைப்பிதழோடு காத்திருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். விர்யாவான் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மேயரின் மனைவி, அவருக்குப் பின்னால் பட்டுச் சட்டைக்காரர்கள் இருபது முப்பது பேர். பர்சினா மேசைக்குப் பின்னாலிருந்து வந்து முதல் படிக்குக் கீழே நின்றிருந்தாள். மேலிருந்து பார்க்க, அவள் வகிடும் கொண்டையும்தான் தெரிந்தன.

"பர்சினாம்மா, விருந்தாளிங்க வந்துட்டாங்க" என்றார் விர்யாவான்.

"நூத்தி நாப்பது ஆயிடுச்சு பாக்."

"மேல எடம் இருக்கே. நாற்காலி போட்டிருக்கோம்."

"நாற்காலி இருக்கு பாக். கீழ முன்வரிசையில உக்காந்தா மொகம் நல்லாத் தெரியும்."

அவர் புன்னகை மாறாமல் நின்றார். மேயரின் மனைவியும் புன்னகை செய்தார். பின்னால் நின்ற அத்தனை பேரும் புன்னகை செய்தார்கள். மேலே இன்னொரு சிரிப்பு அலை எழுந்து அடங்கியது. "வழி விடுங்கம்மா" என்றார் விர்யாவான், மிகவும் மெதுவாக.

படிக்கட்டு நான்கு பேர் சேர்ந்து ஏறும் அகலம். பர்சினா தோளிலிருந்து மஞ்சள் சால்வையை உருவினாள். ஒரு முனையை இடதுபக்கக் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுபக்கத்துக்கு அவரைக் கடந்துதான் போகவேண்டும். பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. அவள் முதுகை நன்றாக வளைத்து, வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி நீட்டி, சால்வையின் மறுமுனையை இடது கையில் பிடித்தபடி, விர்யாவானுக்கும் மேயரின் மனைவிக்கும் முன்னால் குறுக்கே நடந்தாள். கைப்பிடியை அடைந்ததும் நிமிர்ந்து முடிச்சுப் போட்டாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சுப் போட்டாள்.